மூன்று பங்கு வாடகையும் முப்பது சதவீதமும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என் தம்பிமார் எனக்குப் போன் செய்வதில்லை. விளக்குப் படமும் பானைப் படமும் வாட்ஸப்பில் வரும். அதே படம் அவர்களுடைய அலுவலகத்து ஆட்களுக்கும் போயிருக்கும். நானும் கைகூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனால் ஆடி பிறந்து, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசித் தேதி நெருங்கிவிட்டால் எங்கள் வீட்டில் பண்டிகைதான். நாங்கள் மூன்று பேரும் அப்போது மனம்விட்டுப் பேசுவோம். எங்கள் வீடு என்பது பழக்கத்தில் வரும் பேச்சு. இங்கே இருப்பது நான் ஒருத்தி.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. கடன் போட்டு வாங்கிய சின்ன வீடு ஒன்று எனக்கென்று இருக்கிறது. அப்பாவின் வீடு வண்ணார்பேட்டையில், பஸ் இரைச்சல் கேட்கும் தூரத்தில். முன்பக்கம் ஒரு குடித்தனம், பின்பக்கம் ஒரு குடித்தனம். அப்பா போன பிறகு அந்த வீடு எங்கள் மூன்று பேர் பேருக்கும் சமபங்காக வந்தது. பெரிய தம்பி புனேயில், சின்னவன் சென்னையில். பக்கத்தில் இருப்பவள் நான் என்பதால் வாடகை வாங்குவது, குழாய் பார்ப்பது, மாநகராட்சிக்கு வீட்டுத் தீர்வை கட்டுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, நான் மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

முதல் வருடம் நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். வாடகை என் கைக்குத்தானே வருகிறது, தம்பிமாருக்கு அவர்கள் பங்கைப் பிறகு நான்தானே அனுப்புகிறேன், ஆகவே முழு வாடகையையும் என் வருமானமாகக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். கையில் ஒரு மஞ்சள்பை. அதற்குள் பெயிண்ட் கடை, சிமெண்ட் கடை, பிளம்பர், எலக்ட்ரீசியன் என்று அந்த வருடத்துப் பில் முழுவதும். அதைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன். அவர் ஒரு காலத்தில் எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே சான்றிதழுக்காகக் கால்கடுக்க நின்ற மாணவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. நான் மேசையின் இந்தப் பக்கம் உட்கார வேண்டியதாயிற்று.

“மேடம், பணம் யார் கைக்கு வந்தா என்ன? வீடு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் வாடகையக் காட்டணும். மூணு பேருக்கும் சமபங்குன்னா ஆளுக்கு மூணுல ஒண்ணு. தம்பிமாரு அவங்கவங்க கணக்குல அவங்கவங்க பங்கைக் காட்டட்டும்” என்றார்.

“சரி, செலவு?” என்று பையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன்.

அவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இந்த வருஷம் கட்டின வீட்டுத் தீர்வையக் கழிச்சிக்கிடலாம். கட்டியிருக்கணும், பாக்கி வச்சிருந்தா கழிக்க முடியாது. மிச்சத்துல முப்பது சதவீதத்தை ரிப்பேரு அது இதுன்னு அரசாங்கமே கழிச்சி விட்டுரும். நீங்க வீட்டையே இடிச்சிக் கட்டினாலும் முப்பதுதான், ஒரு ஆணி அடிக்கலன்னாலும் முப்பதுதான். பில்லு எதுவும் வேண்டாம் மேடம்.”

“முன்பணம் வாங்கியிருக்கேனே?”

“காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்கணும்லா? அது வருமானம் கிடையாது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயிலில் நின்று பெயிண்டரோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு சீட்டையும் கேட்டு வாங்கி, நாள்வாரியாக அடுக்கி, நூல்போட்டுக் கட்டிவைத்தவள் நான். ஒன்றுமே செய்யாமல் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும் வீட்டுக்காரனுக்கும் அதே முப்பதாம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கடையில் காப்பி வாங்கிக்கொண்டு நின்றபடியே பெரிய தம்பிக்குப் போன் போட்டேன். மொத்த வாடகை இவ்வளவு, தீர்வை இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு, அதை உன் கணக்கில் காட்டு. சொல்லவேண்டியது அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

அவன், “ரிப்பேரு செலவெல்லாம் எப்படிக்கா? அந்தப் பில்லையும் நான் தெரிஞ்சி வச்சிக்கிடணுமோ?” என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அவன் குரலை நான் கேட்டது அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில். இல்லை என்றால் போனை வைத்துவிடுவான். நான் காப்பி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு, “ஆமாலே. கேட்டுக்கோ, வாசிக்கேன்” என்றேன்.

இப்படித்தான் பில் வாசிக்கும் படலம் ஆரம்பமாயிற்று. அன்று மாலை சின்னவனுக்கும் வாசித்தேன்.

அதன்பிறகு வருடா வருடம் அதுதான் முறை. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புனேக்கு, அடுத்த ஞாயிறு சென்னைக்கு. காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, பில்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவேன். சட்டத்துக்கு அந்தக் காகிதங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும். தம்பிமாருக்குத் தெரியாது. இதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. நான் யாரையும் ஏமாற்றி எதையும் பிடுங்கவில்லை. வருடத்துக்கு இரண்டு காலை நேரம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாசிக்க ஆரம்பித்தால் முதலில் ‘ம்’ கொட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்கவேண்டும். பிளம்பர் பில் வரும்போது பெரியவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். “அவ்வளவா கேட்டான்? உன்னைய ஏமாத்துதான்க்கா. ஒத்தப் பொம்பளைன்னு தெரிஞ்சி போச்சி அவனுக்கு” என்று குதிப்பான். வருடம் முழுவதும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசித் தேய்ந்த நாக்கு, கோபம் வந்ததும் நேராக வண்ணார்பேட்டைக்கு வந்து நிற்கும். அது போதும் எனக்கு. பிறகு அவன் குடியிருப்பில் பிளம்பர் எவ்வளவு கேட்கிறான் என்பான். அங்கிருந்து லிஃப்ட் பழுதானது, லிஃப்ட் இல்லாமல் மாடிப்படி ஏறியது, ஏறியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது என்று பேச்சு தானாக வளரும். அவனுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரிந்தது தண்ணீர்த் தொட்டி கழுவிய பில்லுக்கு நடுவில். அவன் மகளுக்குப் பார்த்த வரன் தட்டிப்போனது முன்கதவுத் தாழ்ப்பாள் பில்லில். “சவத்தத் தள்ளுலே, நல்ல இடமா வரும்” என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளுக்கு ஆன செலவைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை.

சின்னவன் வேறு ரகம். சென்னைக்குப் போனதிலிருந்து அவன் பேச்சே மாறிவிட்டது. “சொல்லுதான், செய்யுதான்” என்று பேசினவன் இப்போது “சொல்றான், செய்றான்” என்பான். நான் வேண்டுமென்றே, “யாருலே அது, ராங் நம்பரா?” என்று கேட்பேன். சிரிப்பான். அவனுக்குப் பொறுமை கிடையாது, பாதியில் “டோட்டல் மட்டும் சொல்லுக்கா” என்பான். அதனால் அவனுக்கு வாசிக்கும்போது நடுநடுவே சந்தேகம் கேட்பேன். கொல்லைப்புறச் சுவருக்குச் செங்கல் வைக்கலாமா, ஹாலோ பிளாக் போதுமா? மோட்டாருக்கு எந்தக் கம்பெனி நல்லது? ஆம்பிளைகளிடம் யோசனை கேட்டால் போனை வைக்கமாட்டார்கள். அலுவலகத்தில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

ஒரு வருடம் பின்பக்கத்துக் குடித்தனம் காலி செய்துவிட்டுப் போய், பல மாதம் ஆள் வரவில்லை. காலியாகக் கிடந்த மாதத்துக்கு வராத வாடகையை வந்ததாகக் காட்ட வேண்டாம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அந்த வருடம் ஆடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லாமல் போயிற்று. வாடகையைக் குறைக்கலாமா, தரகரிடம் சொல்லலாமா, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடலாமா என்று மாதம் தவறாமல் இரண்டு பேரிடமும் பேசினேன். மூன்று பேருக்கும் நஷ்டமான அந்த வருடம்தான் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்த வருடம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் குடிவந்ததும், வீடு நிறைந்ததே என்று நினைக்காமல் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மற்ற மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பால் வாங்குவேன். பேப்பர் படிப்பேன். ஒரு ஆளுக்குக் குழம்பு வைப்பது கஷ்டம், எப்படி வைத்தாலும் இரண்டு நாளைக்கு வரும். முன்பெல்லாம் வாடகை வாங்க வண்ணார்பேட்டைக்கு டவுன் பஸ் ஏறிப் போவேன். குடித்தனக்காரப் பெண் உட்காரச் சொல்லி ஏதாவது குடிக்கக் கொடுப்பாள். வாடகை போனிலேயே வர ஆரம்பித்த பிறகு அந்தப் போக்குவரத்தும் நின்றுவிட்டது. ஒருமுறை சும்மா போய் நின்றேன். அவள் பதறிப்போய், “வாடகை போட்டுட்டோமே மேடம், வரலையா?” என்று கேட்டாள். வந்தது, வந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன். பழகவில்லை. சாயங்காலம் விளக்குப் போடும் நேரம் வந்தால் இன்றும் எல்லா அறை விளக்கையும் போட்டுவிடுகிறேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆடி அல்ல, தை மாதம். புனேயிலிருந்து போன். ஆடியில்லாத மாதத்தில் அவன் பேர் திரையில் தெரிந்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அவசரமாக எடுத்தேன்.

“அக்கா, இவ்வளவு வருஷமா நீ எங்களுக்காக அந்தப் பில்லையெல்லாம் சேத்து வச்சி வாசிச்சிருக்க. அதெல்லாம் தேவையே இல்லையாம்லா! என் மகன் இப்ப என் கணக்கைப் பாக்கான். அவன்தான் சொன்னான், பில்லு இருந்தாலும் இல்லாட்டியும் முப்பது சதவீதம்னு. உன் ஆடிட்டர் சொல்லலையா?”

“சொல்லலையே” என்றேன். பாவம் அந்த மனுஷன். மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

“நீ கெடந்து அலையுத. வயசு என்ன கொஞ்சமா ஆகுது? நானும் தம்பியும் பேசிட்டோம்க்கா. அந்த வாடகையில எங்களுக்கு வாற பங்கு என்ன பெருசு? நாங்க ரெண்டு பேரும் எங்க பங்கை உனக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துருதோம். முழு வீடும் உனக்கு. முழு வாடகையும் நீயே வாங்கி, நீயே கணக்குக் காட்டிக்கோ. எங்களுக்கு அனுப்புத வேலையும் இல்ல, சொல்லுத வேலையும் இல்ல.”

நானும் தம்பியும் பேசிட்டோம் என்றான். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதற்குப் பில் எதுவும் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

“அப்பா மூணு பேருக்கும்னுதானலே விட்டுட்டுப் போனாக?” என்று இழுத்துப் பார்த்தேன்.

“அப்பா இருந்தாலும் இதத்தான் சொல்லுவாக. நீ ஒண்ணும் பேசாத” என்றான். அவன் குரலில் அவ்வளவு பாசம். சொத்துக்காக வெட்டுப்பழி குத்துப்பழி என்று நிற்கிற கூடப்பிறந்தவர்களை நீதிமன்ற வாசலில் தினமும் பார்க்கிற ஊர் இது. இங்கே பங்கைத் தூக்கிக் கொடுக்கிற தம்பிமார் யாருக்குக் கிடைப்பார்கள்? எனக்குப் பங்கு வேண்டாம், ஆடி மாதம்தான் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? சரிலே என்றேன்.

மாசியில் பத்திரப் பதிவுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே நாளில் இரண்டு தம்பிகளும் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததும் நான் செய்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கல்யாணமா என்று கேட்டாள். தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி அரைத்து, உருளைக்கிழங்கு பொரித்து வைத்திருந்தேன். பதிவு முடிந்து வந்து சாப்பிடலாம் என்று கிளம்பினோம்.

பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. பெரியவன் காதோரம் வெளுத்திருந்தது. சின்னவன் கண்ணாடி மாற்றியிருந்தான். கூப்பிட நேரமாகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். நேரமும் ஆனது. ஆனால் அவர்கள் அதைப் போனில்தான் கழித்தார்கள். ஒருவன் அலுவலகத்தோடு பேசினான், இன்னொருவன் ரயில் டிக்கெட் பார்த்தான். எங்கள் முறை வந்ததும் பதிவாளர் தம்பிகளைப் பார்த்து, “மனப்பூர்வமா எழுதிக் குடுக்கீங்களா?” என்று கேட்டார். இரண்டு பேரும் பளிச்சென்று ஆமாம் என்றார்கள். மனப்பூர்வமாக வாங்கிக்கொள்கிறீர்களா என்று என்னை யாரும் கேட்கவில்லை. போட்டோ எடுத்தார்கள், விரலை வைக்கச் சொன்னார்கள், முடிந்தது.

வெளியே வந்தபோது ரயிலுக்கு நேரமாகியிருந்தது. சின்னவன் மட்டும் வீட்டுக்குள் வந்து, பையை எடுக்கிற அவசரத்தில் நின்றபடியே சொதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தான். “சூப்பர்க்கா” என்றான். பெரியவன் ஆட்டோவிலேயே உட்கார்ந்து கையசைத்தான். மிச்சத்தை நான் மூன்று நாள் சாப்பிட்டேன்.

அந்த வருடத்து ஆடியில் பழைய வருடக் கணக்கு பாக்கி இருந்தது. பத்திரம் பதிவதற்கு முந்தைய மாதங்களுக்கு அவர்களுக்கும் பங்கு உண்டல்லவா. ஆசையோடு போனை எடுத்தேன். பெரியவன், “மீட்டிங்ல இருக்கேன்க்கா, தொகையை மட்டும் மெசேஜ் போட்டுரு” என்றான். போட்டேன். கட்டைவிரல் படம் வந்தது.

போன ஆடியில்தான் முழு வாடகையும் என் ஒருத்தி பேரில் வந்தது. வரியும் கூடத்தான். ஆடிட்டர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, “கூட்டுப் பங்குதாரர்னு இப்ப யாரும் இல்லல்லா மேடம்?” என்று கேட்டார்.

“இல்ல” என்றேன்.

“நல்லதாப் போச்சு. இனி உங்களுக்கு ஒரு ஜோலியும் இல்ல” என்றார். நான் எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஆள் வந்து நின்றதும் எழுந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பழக்கத்தில், தலைக்குக் குளித்தேன். கட்டிலில் உட்கார்ந்து புனேக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தான்.

“என்னக்கா? ஏதும் பிரச்சனையா?”

“ஒண்ணுமில்லலே. கணக்கு தாக்கல் பண்ணியாச்சி. அதான்.”

“நல்லதுக்கா.”

அவன் பக்கம் டிவி சத்தம் கேட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மகளுக்கு வரன் ஏதும் வந்ததா, எல்லாம் கேட்கவேண்டும். ஆனால் கையில் பில் இல்லாமல் அதை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில், “பின்பக்கத்து வீட்டுல கழிவுநீர்க் குழாயை மாத்தினேன்லே. பிளம்பர் ரொம்பக் கூடக் கேட்டுட்டான்” என்றேன்.

அவன் குதிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரித்தான். ரொம்பப் பிரியமாகச் சிரித்தான்.

“அதெல்லாம் இனி எங்ககிட்ட எதுக்குக்கா சொல்லுத? உன் வீடு. நீ என்ன வேணும்னாலும் செஞ்சிக்கோ.”

“ஆமாலே” என்றேன்.

“வேற ஒண்ணும் இல்லையேக்கா?” என்று கேட்டான்.

“வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.